ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு விதி எழுதிய டாம் வில்ஸ்

நம் குடியிருப்பில் நான்கைந்து வீடுகளிலாவது பிள்ளைகள் மெல்பர்னிலோ சிட்னியிலோ இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள். அங்கே டிவியில் ஒரு விளையாட்டு காட்டுகிறார்கள், கால்பந்து என்கிறார்கள், ஆனால் கையால் பிடிக்கிறார்கள், ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறிக் குதிக்கிறார், பந்து முட்டை வடிவத்தில் இருக்கிறது, மைதானமும் வட்டமாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. அணிக்குப் பதினெட்டுப் பேர். செப்டம்பர் கடைசியில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு எம்சிஜி மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடுவார்கள்.

இந்த விளையாட்டுக்கு எழுத்து வடிவில் விதிகள் வந்தது 1859-இல். நாம் உலகக் கோப்பையில் பார்க்கும் கால்பந்துக்கு லண்டனில் சங்கம் அமைத்து விதி எழுதியதே 1863-இல்தான். அதற்கும் நான்கு வருடம் முன்னால், தங்கம் கிடைத்ததால் திடீரென்று பெருத்துப்போன ஒரு புது ஊரில், ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து நான்கு பேர் பத்து விதிகளை எழுதினார்கள். அதில் முதல் கையெழுத்துப் போட்டவர் டாம் வில்ஸ். இந்த இதழுக்கு அவர் கதையை எடுத்துக்கொண்டேன்.

முழுப் பெயர் தாமஸ் வென்ட்வொர்த் வில்ஸ். 1835 ஆகஸ்ட் 19-இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். தாத்தா எட்வர்ட் வில்ஸ் இங்கிலாந்தில் வழிப்பறிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு 1799-இல் கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதி. வந்த இடத்தில் விடுதலை பெற்று, வியாபாரம் செய்து சிட்னியில் பணக்காரர் ஆகிவிட்டார். அப்பா ஹொரேஷியோ பத்திரிகை நடத்தினார், பிறகு ஆட்டுப்பண்ணை வைத்தார், பின்னாளில் விக்டோரியா சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார். கைதியின் மகன் என்ற பேச்சைத் தன் மகனோடு முடித்துவிட வேண்டும், அவன் பெரிய கனவானாக வர வேண்டும் என்பது ஹொரேஷியோவின் ஆசை. மூத்த மகனுக்கு வென்ட்வொர்த் என்ற அன்றைய பெரிய வழக்கறிஞரின் பெயரை வைத்ததே அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

டாம் சிறுவனாக இருந்தபோது குடும்பம் மாடு, ஆடு, வண்டிகளோடு தெற்கே நடந்து இன்றைய விக்டோரியாவின் மேற்குப் பகுதிக்கு வந்தது. அராரட் மலைக்குப் பக்கத்தில் லெக்சிங்டன் என்ற பண்ணை. அது ஜப் வுர்ரங் என்ற பூர்வகுடி மக்களின் மண். சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதிகம் கிடையாது. ஆகவே டாமுக்குக் கூட்டாளிகள் அந்தப் பூர்வகுடிப் பிள்ளைகள்தான். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசினார், பாட்டுகளையும் ஆட்டங்களையும் கற்றுக்கொண்டார். பிறகு வரப்போகும் கதைக்கு இது மிக முக்கியம்.

பதினான்கு வயதில் அப்பா அவரை இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பினார். 1850-இல் அவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்புவது என்றால் நம் காலத்தைப் போல வீடியோ காலில் தினமும் முகம் பார்ப்பது இல்லை. கப்பலிலேயே மாதக்கணக்கில் போக வேண்டும், ஒரு கடிதத்துக்குப் பதில் வர அரை வருடத்துக்கு மேல் ஆகும். படித்து வக்கீலாக வருவான் என்று அப்பா காத்திருந்தார். பிள்ளை படிக்கவில்லை. ஆனால் கிரிக்கெட்டில் பள்ளி அணிக்குக் கேப்டன் ஆனார். ரக்பி கால்பந்திலும் அவர் பெயர் பேசப்பட்டது. 1856-இல் ஆக்ஸ்போர்டுக்கு எதிராகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக லார்ட்ஸ் மைதானத்தில் ஆடினார். வேடிக்கை என்னவென்றால் அவர் கேம்பிரிட்ஜில் முறையாகச் சேர்ந்து படித்ததே இல்லை. கென்ட் அணிக்கும் ஆடினார். அந்த வருடக் கடைசியில், இருபத்தொரு வயதில், மெல்பர்ன் திரும்பினார்.

திரும்பியவரை ஊர் கொண்டாடியது. காலனியிலேயே சிறந்த கிரிக்கெட் வீரர் என்று பெயர். விக்டோரியா அணிக்கு ஆடினார், கேப்டன் ஆனார். மெல்பர்ன் கிரிக்கெட் கிளப்புக்கு 1857-58-இல் செயலாளராகவும் ஆக்கினார்கள். ஆட்டக்காரராக இருந்த அளவுக்கு அவர் செயலாளராக இல்லை. கிளப் காகிதங்களைத் தாறுமாறாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் காலத்து மினிட்ஸ் புத்தகம் இன்றுவரை கிடைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜரோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. நம் சங்கத்தின் செயலாளர்கள் எத்தனையோ மேல்.

அங்கே கிரிக்கெட் கோடைக்காலத்து ஆட்டம். குளிர்காலத்தில், அதாவது நமக்கு ஜூன் ஜூலையில், ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்கள், உடம்பு கனத்துவிடும். 1858 ஜூலை 10 தேதியிட்ட பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா என்ற விளையாட்டுப் பத்திரிகையில் வில்ஸின் கடிதம் ஒன்று வந்தது. குளிர்காலத்தில் ஒரு கால்பந்துக் கிளப் தொடங்கலாம், அதற்கு விதிமுறை எழுத மூன்று பேருக்குக் குறையாமல் ஒரு கமிட்டி போடலாம், அது முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் கிளப்பாவது வைக்கலாம் என்பது கடிதத்தின் சாரம். ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றில் மிகவும் பேசப்படும் கடிதம் இதுதான். மினிட்ஸ் எழுதாதவர் கடிதம் மட்டும் சரியான நேரத்தில் எழுதிவிட்டார்.

ஆட்டமும் உடனே தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 7-இல் மைதானத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்பர்ன் கிராமர் பள்ளிக்கும் போட்டி. அணிக்கு நாற்பது பேர், கோல் கம்பங்களுக்கு இடையே ஏறக்குறைய அரை மைல் தூரம். வில்ஸும் ஜான் மெக்கடம் என்பவரும் அம்பயர்கள். முதல் நாள் முடியவில்லை, இன்னும் இரண்டு சனிக்கிழமை ஆடியும் ஆளுக்கு ஒரு கோலோடு சமனில் முடிந்தது. அந்த இரண்டு பள்ளிகளும் இன்றைக்கும் வருடாவருடம் மோதுகின்றன.

ஆனால் ஆளுக்கு ஒரு விதி. இங்கிலாந்தில் எந்தப் பள்ளியில் படித்தாரோ அந்தப் பள்ளி ஆட்டத்தைத்தான் ஒவ்வொருவரும் கால்பந்து என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் இன்னொருவர் அது தப்பு என்பார். சண்டை வராமல் ஆட்டம் முடிவதில்லை. இந்த நிலையில்தான் 1859 மே 17-இல் கிழக்கு மெல்பர்னில் ஜெர்ரி பிரையன்ட் நடத்திய பரேட் ஹோட்டலில் கூடினார்கள். வில்ஸ், வில்லியம் ஹாமர்ஸ்லி, ஜேம்ஸ் தாம்ப்சன், தாமஸ் ஸ்மித். ஹாமர்ஸ்லியும் தாம்ப்சனும் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த பத்திரிகைக்காரர்கள். ஸ்மித் அயர்லாந்துக்காரர், பள்ளி ஆசிரியர்.

ரக்பி, ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் என்று நான்கு பள்ளிகளின் விதிகளையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். வில்ஸ் ரக்பி முறையைத்தான் விரும்பினார். மற்றவர்களுக்கு அது பாதி புரியவில்லை, புரிந்த பாதி பிடிக்கவில்லை. ரக்பியில் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைக்கலாம். பள்ளிப் பையனுக்குக் கால் ஒடிந்தால் படுத்துக்கொள்வான். மெல்பர்னில் ஆடப்போகிறவர்களோ வளர்ந்த ஆண்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள். அதோடு அந்த ஊர் மண் இங்கிலாந்தைப் போல் மெத்தென்று இருக்காது, விழுந்தால் அடி பலமாகப் படும். ஆகவே உதைப்பது கூடாது என்று எழுதினார்கள். காலால் உதைத்து வந்த பந்தை நேராகக் கையில் பிடித்துவிட்டால் பிடித்தவருக்கு ஒரு இலவச உதை. பந்தைக் கையால் வீசக் கூடாது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. தள்ளலாம், இடறியும் விடலாம் என்று முதலில் வைத்திருந்தார்கள், இடறிவிடுவதைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆஃப்சைடு என்ற ஒன்றே கிடையாது. மொத்தம் பத்து விதி, ஒரே ஒரு தாளில் அடங்கிவிடும்.

நம் சங்கத்தின் பைலா எத்தனை பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திருத்தக் கூடிய கூட்டங்கள் எத்தனை என்றும் தெரியும். அந்த நான்கு பேரும் தாங்கள் படித்த பள்ளியின் பெருமையை விட்டுக்கொடுத்து, இந்த ஊருக்கு, இந்த மண்ணுக்கு, இந்த ஆட்களுக்கு எது சரிப்படும் என்று மட்டும் பார்த்தார்கள். வில்ஸ் தான் கேட்டது கிடைக்காமலேயே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்க்கையில் அவர் இப்படி இறங்கிவந்த சந்தர்ப்பங்கள் வேறு அதிகம் எனக்குத் தென்படவில்லை.

மைதானத்தில் அவர் மூளை வேறு விதமாக வேலை செய்தது. மற்றவர்கள் பந்து போகும் பக்கமெல்லாம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஆஃப்சைடு இல்லை என்பதைப் பயன்படுத்தி ஆட்களை மைதானம் முழுக்கப் பரப்பி நிறுத்தினார். உதைத்தால் எங்கே விழும் என்று பார்த்து அங்கே முன்கூட்டியே ஆள் வைத்தார். மெல்பர்ன் கிளப்பில் தொடங்கி, பிறகு ஜீலாங் கிளப்பில் பல வருடம் ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். 1859-இல் தொடங்கிய அந்த இரண்டு கிளப்புகளும் இன்றும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

1861 தொடக்கத்தில் அப்பா ஹொரேஷியோ மகனையும் கூட்டிக்கொண்டு குவீன்ஸ்லாந்தில் புதுப் பண்ணை தொடங்கப் புறப்பட்டார். பத்தாயிரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடை. அக்டோபர் தொடக்கத்தில் கலின்-லா-ரிங்கோ என்ற இடத்தில் கூடாரம் போட்டார்கள். வழியில் விட்டுவந்த சாமான்களை எடுத்துவர டாமும் வேறு இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். அக்டோபர் 17-இல் அந்தப் பகுதியின் கயிரி மக்கள் கூடாரத்தைத் தாக்கினார்கள். ஹொரேஷியோவோடு சேர்த்துப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பத்தொன்பது பேர் இறந்தார்கள். பூர்வகுடிகள் கையில் ஒரே நாளில் இத்தனை குடியேற்றக்காரர்கள் இறந்தது ஆஸ்திரேலிய வரலாற்றில் வேறு எங்கும் இல்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், ஆடு திருடினார்கள் என்று சொல்லிக் கயிரி மக்களைச் சுட்டுக் கொன்றிருந்தார். அதற்குப் பழி, அங்கே புதிதாக வந்தவர்கள் தலையில் விழுந்தது. அதற்குப் பதில் பழியாகப் போலீஸ் படையும் குடியேற்றக்காரர்களும் கிளம்பிப் போய்க் கொன்ற கயிரி மக்களின் எண்ணிக்கை சில நூறுகளைத் தொடும் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்த பத்தொன்பது பேர் கணக்கில் சரியாக நிற்கிறார்கள், அந்தப் பக்கம் இறந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. டாமும் அப்போது பழிவாங்க வேண்டும் என்று கடிதங்களில் எழுதினார். அவரே அந்தக் கொலைகளில் பங்கெடுத்தாரா என்ற கேள்வி 2021-இல் மறுபடி கிளம்பியது. 1895-இல் சிகாகோ பத்திரிகை ஒன்றில் வந்த பழைய கட்டுரையில் அவர் பங்கெடுத்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை, வில்ஸ் இறந்து பதினைந்து வருடம் கழித்து வந்தது. அறிஞர்கள் இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு அவர் பழைய டாம் இல்லை. தூக்கம் போய்விட்டது, கெட்ட கனவுகள் வந்தன. முன்பே குடிப்பவர்தான், இப்போது தூங்குவதற்காகக் குடித்தார். இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. அன்றைக்குப் பாட்டில் ஒன்றுதான் இருந்தது. சில வருடம் பண்ணையை நடத்திப் பார்த்தார், சரிவரவில்லை. 1864-இல் மெல்பர்ன் பக்கம் திரும்பிவிட்டார்.

இனி வருவதுதான் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடாத பகுதி. 1866-இல் விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் பண்ணைகளில் வேலை செய்துவந்த பூர்வகுடி இளைஞர்கள் கிரிக்கெட்டில் நன்றாக ஆடுகிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். வில்ஸ் போனார். அப்பா இறந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அவர் சிறுவயதில் பேசிய மொழிக்கு நெருங்கிய மொழியைத்தான் அந்த இளைஞர்கள் பேசினார்கள். அவர்களைக் கூட்டிவந்து, 1866 டிசம்பர் 26-இல் மெல்பர்ன் மைதானத்தில், பத்தாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்க, தான் கேப்டனாக நின்று ஆட வைத்தார். தோற்றார்கள், ஆனால் ஊர் முழுக்க அதே பேச்சு. ஜானி முல்லா என்ற உனாரிமின் அந்த அணியின் நட்சத்திரம்.

வில்ஸ் ஏன் போனார்? பணத்துக்காகவா, பழைய கூட்டாளிகளின் மொழியைக் கேட்கவா, மனதிலிருந்து ஏதோ ஒன்றை இறக்கிவைக்கவா? அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. பணம் மட்டும் காரணம் என்றால் அதைவிடச் சுலபமான வழிகள் அவருக்கு இருந்தன.

அந்த முயற்சியும் நல்லபடியாக முடியவில்லை. அணியை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏற்பாட்டாளர் பணத்தைச் சுருட்டிக்கொண்டார். சிட்னியில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒப்பந்தத் தகராறில் வில்ஸையே மைதானத்தில் வைத்துக் கைது செய்தார்கள். அணி நடுவழியில் நின்றது, பயணத்தின் கஷ்டத்திலும் நோயிலும் குடியிலும் சில வீரர்கள் இறந்தார்கள். அந்த இறப்புகளில் வில்ஸுக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் சொல்வேன். தன் குடியையே கட்டுப்படுத்த முடியாதவர் கையில் அந்த இளைஞர்களை ஒப்படைத்திருந்தார்கள். 1868-இல் சார்லஸ் லாரன்ஸ் என்பவர் தலைமையில் பூர்வகுடி அணி இங்கிலாந்து போய் 47 ஆட்டங்கள் ஆடியது. 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. இங்கிலாந்துக்குப் போன முதல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி அதுதான். வில்ஸ் போகவில்லை.

இதற்கிடையில் கால்பந்து அவர் கையைவிட்டுப் போய்விட்டது. 1866-இல் விதிகளைத் திருத்தி எழுதிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் எச்.சி.ஏ. ஹாரிசன், வில்ஸின் உறவுக்காரர், தங்கையைக் கல்யாணம் செய்த மச்சான். அரசாங்க உத்தியோகம், குடிப் பழக்கம் இல்லை, கூட்டம் என்றால் நேரத்துக்கு வந்துவிடுவார். 1929 வரை வாழ்ந்தார். ஆஸ்திரேலியக் கால்பந்தின் தந்தை என்ற பட்டம் அவருக்குப் போனது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தொடங்கியவர் ஒருவர், கடைசிவரை இருந்து கோப்பை முடித்தவர் இன்னொருவர், ஓய்வு பெறும் நாளில் மாலை இரண்டாமவருக்கு. ஹாரிசன் ஒன்றும் தகுதியில்லாதவர் அல்ல, வேகமான ஆட்டக்காரர், நல்ல நிர்வாகி. ஆனால் 1859 தாளில் அவர் கையெழுத்து இல்லை.

கிரிக்கெட்டிலும் சறுக்கல். ஒரு காலத்தில் கனவானாக ஆடிய மெல்பர்ன் கிளப்பிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பந்தை வீசாமல் எறிகிறார் என்ற குற்றச்சாட்டு வெகுநாளாக இருந்தது. 1872-இல் பெரிய போட்டியில் அம்பயர் நோபால் கொடுத்துவிட்டார். பத்திரிகையில் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர் வேறு யாரும் அல்ல, பரேட் ஹோட்டலில் கூட உட்கார்ந்து விதி எழுதிய ஹாமர்ஸ்லி. இருவரும் பத்திரிகைப் பக்கங்களில் மாறிமாறித் திட்டிக்கொண்டார்கள். 1876-இல் கடைசியாக விக்டோரியாவுக்கு ஆடினார், சோபிக்கவில்லை.

கடைசி வருடங்கள் மெல்பர்னுக்கு வெளியே ஹைடல்பர்க் என்ற சிற்றூரில். கூட இருந்தவர் சாரா பார்பர். டப்ளினில் பிறந்தவர். முறைப்படி கல்யாணம் ஆகவில்லை, அதனால் வில்ஸ் குடும்பம் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கடைசிவரை விட்டுப்போகாமல் இருந்தது அவர் ஒருவர்தான். கையில் காசு இல்லாத நிலையிலும் வில்ஸ் உள்ளூர்ப் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தார், 1880 மார்ச்சில்கூட ஆடினார்.

என் வேலைக்காலத்தில் கெட்டிக்காரர்கள் மூன்று பேர் பாட்டிலால் போனதைப் பார்த்திருக்கிறேன். மூவருமே திடீரென்று ஒருநாள் நிறுத்தப் போகிறேன் என்று சொன்னவர்கள். மருத்துவர் உதவி இல்லாமல் ஒரேயடியாக நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. வில்ஸுக்கு 1880 ஏப்ரல் கடைசியில் நடந்தது இதுதான். குடி நின்றதும் நடுக்கமும் பிரமையும் பிடித்துக்கொண்டன. மே 1-இல் சாரா அவரை மெல்பர்ன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து தப்பி வீடு வந்துவிட்டார். மறுநாள் மே 2-இல், பிரமை உச்சத்தில் இருந்தபோது, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 44.

விசாரிக்கப் போன பத்திரிகைக்காரரிடம், தாமஸ் என்ற பெயரில் எனக்கு மகனே கிடையாது என்று அவர் தாயார் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. தற்கொலை என்றால் குடும்பத்துக்கு அவமானம் என்ற காலம். அந்தத் தாய்க்குக் கணவர் போன விதமும் நினைவுக்கு வந்திருக்கும். ஹைடல்பர்க்கில் வாரிங்கல் கல்லறைத் தோட்டத்தில், பெயர்ப்பலகை இல்லாமல் புதைத்தார்கள். நூறு வருடம் அப்படியே கிடந்தது. 1980-இல் மெல்பர்ன் கிரிக்கெட் கிளப், தன் மினிட்ஸைத் தொலைத்த அந்தப் பழைய செயலாளருக்கு ஒரு கல் நட்டது.

அவருடைய பால்ய காலத்தைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. ஜப் வுர்ரங் மக்களிடம் போஸம் என்ற மரவிலங்கின் தோலால் செய்த பந்தை உயர உதைத்துத் தாவிப் பிடிக்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. மார்ன்குரூக் என்கிறார்கள். சிறுவன் டாம் அதை ஆடியிருப்பார், தாவிப் பிடிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது என்று ஒரு சாரார். அவர் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, 1859 விதிகளில் இருப்பதெல்லாம் ஆங்கிலப் பள்ளிகளின் சரக்கு என்று மறு சாரார். பூர்வகுடி வீரர்கள் பலர் இந்த ஆட்டத்தில் இன்று கொடிகட்டிப் பறக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு இது வெறும் ஆராய்ச்சி விஷயம் இல்லை.

மெல்பர்ன் போகிறவர்கள் எம்சிஜி வாசலுக்கு வெளியே போய்ப் பாருங்கள். 1858 பள்ளி ஆட்டத்தில் வில்ஸ் அம்பயராக நிற்பதைப் போலச் சிலை வைத்திருக்கிறார்கள், பந்துக்காக மோதும் இரண்டு மாணவர்களும் கூடவே இருக்கிறார்கள். வெளியே இருப்பதால் டிக்கெட் வேண்டாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் சிலையை நெருங்கவே முடியாது.